டர்போ செடான் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வேகத்துக்கென்றே செய்த டர்போ செடான் ஒன்றைப் பழையதாக வாங்கி, கையைக் கடிக்காத செலவில் கொஞ்சம் சக்தி கூட்டி, வருடக்கணக்கில் நன்றாக ஓட்டலாம். அப்படி ஓட்டுகிறவர்களின் பணம் கரைவது பெரும்பாலும் கோளாறு இல்லாத பார்ட்ஸை மாற்றுவதில்தான். பிக்கப் குறைந்ததும் டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டி டர்போவையே மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் வண்டி அப்படியே இருக்கும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் தளர்ந்து கிடக்கும் கிளாம்பை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வீண்செலவைத் தவிர்க்க, கோளாறு எப்போது வருகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஐடிலிலா (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போதா), பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறும்போதா? கியர் மாற்றும் நொடியிலா, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகா? இதை ஒரு தாளில் எழுதிவிட்டுப் பானெட்டைத் திறந்தால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஏன் அப்படி என்பதற்கு டர்போ பெட்ரோல் இன்ஜினின் காற்றுப்பாதையை நினைவில் வைத்தால் போதும். ஐடிலில், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவான த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். டர்போவிலிருந்து த்ராட்டில் வரை உள்ள குழாய்களில் அந்த நேரம் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்தான். முழுசாக மிதித்ததும் இரண்டு பகுதியிலும் அழுத்தம் ஏறிவிடும். ஆகவே மேனிஃபோல்டில் ஓட்டை இருந்தால் ஐடிலில் காற்றை உள்ளே இழுக்கும், பூஸ்டில் வெளியே கக்கும். இரண்டு நேரத்திலும் தொல்லை தெரியும். இன்டர்கூலர் குழாயில் ஓட்டை இருந்தால் ஐடில் சுத்தமாக இருக்கும், மிதித்தால் மட்டும் இழுக்காது. கீழே வரும் பாதி விஷயங்கள் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கின்றன.

தொடங்குவதற்கு முன்

இன்ஜின் கணினியின் தகவல்களைப் படிக்க வண்டியில் உள்ள ஓபிடி போர்ட்டில் சொருகும் ஒரு சின்ன புளூடூத் அடாப்டரும், ஓடும்போதே அளவுகளைக் காட்டிப் பதிவு செய்யும் ஒரு போன் செயலியும் வேண்டும். பிழைக் குறியீட்டை மட்டும் படித்துக் காட்டும் கருவி பாதி வேலைக்குத்தான் உதவும். இன்ஜின் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், ஃப்யூல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்), உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றைப் பதிவாக எடுக்க முடிய வேண்டும். இதோடு ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் வீட்டிலேயே பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம். முதல் காசை இவற்றில் போடுங்கள் என்பதுதான் என் உறுதியான அபிப்பிராயம். பளபளக்கும் இன்டேக் குழாய் அப்புறம் வரட்டும்.

வண்டியில் ட்யூன், அதாவது சக்தி கூட்ட மாற்றி எழுதிய இன்ஜின் மென்பொருள், ஏற்றியிருந்தால் கோளாறு தேடும்போது தொழிற்சாலை மென்பொருளான பழைய மேப்புக்குத் திரும்புங்கள். திரும்பியதும் தொல்லை மறைந்தால், ஏதோ ஒரு பாகம் சாதாரண சுமையைத் தாங்குகிறது, கூடுதல் சுமையைத் தாங்கவில்லை என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக், காயில், எரிபொருள் பம்ப், கிளட்ச் என்று சந்தேகம் அந்தப் பக்கம் நகரும். மறையவில்லை என்றால் ட்யூனைக் குறை சொல்வதை விட்டுவிட்டுப் பாகங்களைப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் வண்டி சரியானாலும் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். முழு சக்தியில் பதிவு எடுக்க வேண்டியிருந்தால் மூடிய தடத்திலோ, சக்கரத்தை உருளையில் சுழலவிட்டுச் சக்தி அளக்கும் டைனோவிலோ எடுங்கள், பொதுச்சாலையில் வேண்டாம்.

ஐடில் நன்றாக இருக்கிறது, மிதித்தால் இழுக்கவில்லை

டர்போ வண்டியில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பூஸ்ட் போதவில்லை என்பதைக் குறிக்கும் பி0299 என்ற குறியீடும் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

முதலில் பதிவைப் பாருங்கள். கேட்ட பூஸ்ட் கிடைத்துக்கொண்டே சக்தி மட்டும் இல்லை என்றால் பூஸ்ட் பக்கத்தில் தேட வேண்டாம். டைமிங் பின்னால் இழுக்கப்படுகிறதா, எரிபொருள் அழுத்தம் விழுகிறதா, எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது குறைவு என்றால் காற்று எங்கோ போகிறது, அல்லது எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைச் சுற்றித் திருப்பிப் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் மூடவில்லை.

காற்று கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க பூஸ்ட் லீக் டெஸ்ட் போதும். டர்போவின் இன்லெட் வாய்க்குப் பொருந்தும் ஒரு பிவிசி மூடி, அதில் ஒரு டயர் வால்வ், காற்றடிக்கும் பம்ப். கருவி அவ்வளவுதான். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போ வாயில் மூடியை இறுக்கமாகப் பொருத்துங்கள். இன்லெட் குழாயோடு சேரும், இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் பிரீதர் ஹோஸை அடைத்துவிடுவது முக்கியம். அடைக்காவிட்டால் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளும். பிறகு மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். 15ஐத் தாண்ட வேண்டாம். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. அழுத்தம் இருக்கும்போது மூடிக்கு நேரெதிரே நிற்காதீர்கள், அது பிய்த்துக்கொண்டு பறக்கும். சோதனை முடிந்ததும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும்.

இனி காது கொடுத்துக் கேளுங்கள், சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஹோஸ் மூட்டுகள், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரங்கள், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் சீல்கள், காலை எடுத்ததும் அழுத்தக் காற்றைத் திருப்பி விடும் டைவர்ட்டர் வால்வ் எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக உஸ்ஸென்று கேட்கலாம். ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வ் திறந்திருக்கும், ரிங் வழியாகவும் கொஞ்சம் காற்று வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஹோஸின் உட்பக்கம் ஆயில் படிந்து வழுக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் பூஸ்டில் கழன்றுவிடும். கழற்றி, சுத்தமாகத் துடைத்து, சுழலும் பட்டை கிளாம்புக்குப் பதில் போல்ட் வைத்து இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் போட்டால் நிற்கும்.

உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் வைத்த வண்டியில் இந்தக் கசிவு இன்னொரு அடையாளமும் காட்டும். சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடுகிறது, இன்ஜினோ அளந்ததற்கு முழுசாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. அதனால் மிதிக்கும்போது கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டியில் புகை வராது. டர்போ கூடுதலாகச் சுற்றிக் கசிவை ஈடுகட்டப் பார்க்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் டர்போவின் ஆயுள் குறைந்துகொண்டிருக்கும் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது.

கசிவே இல்லை என்றால் டைவர்ட்டர் வால்வைக் கழற்றுங்கள். ஆடி ஏ4 போன்ற வண்டிகளில் வந்த ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஈஏ113 2.0 டர்போ இன்ஜினில் இந்த வால்வின் ரப்பர் டயாஃப்ரம் கிழிவது எல்லாருக்கும் தெரிந்த பலவீனம். பிறகு வந்த பிஸ்டன் வகை வால்வ் அப்படியே பொருந்தும். அடுத்தது வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்னச் சின்ன வேக்யூம் ஹோஸ்கள். வெப்பத்தில் காய்ந்து நுனியில் பிளந்திருக்கும். வெட்டிப் பார்த்தால்தான் சில நேரம் தெரியும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் சிலிக்கோன் ஹோஸ் வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்று என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

வேஸ்ட்கேட் கையைக் கையால் அசைத்துப் பாருங்கள். மூடிய நிலையில் லொடலொடவென்று ஆடினால் ஃபிளாப் முழுசாக உட்காரவில்லை. பிஎம்டபிள்யூ 335ஐயில் வந்த என்54 இரட்டை டர்போ இன்ஜினில், ஐடிலிலோ காலை எடுக்கும்போதோ தகரம் அதிர்வதுபோல வரும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தேய்மானம் ஆரம்ப நிலையில் இருந்தால் ஆக்சுவேட்டர் கம்பியைச் சரிசெய்து கொஞ்ச காலம் ஓட்டலாம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் டர்போவின் முறை. இன்லெட் குழாயைக் கழற்றி, குளிர்ந்த நிலையில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். சாதாரண ஜர்னல் பேரிங் டர்போவில் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் நிரப்பிக்கொள்ளும். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரியக் கூடாது. இறக்கையின் நுனி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, இறக்கை நுனி சிதைந்திருந்தாலோ, ஓடும்போது சைரன்போல ஊளைச் சத்தம் வந்தாலோ டர்போ முடிந்தது. அந்த நிலையில் ஓட்டினால் உடைந்த துண்டுகள் இன்டர்கூலருக்குள் போகும்.

பூஸ்ட் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங்

மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை, அழுத்தி மிதித்தால் வண்டி திக்குகிறது, குலுங்குகிறது. முக்கால்வாசி நேரம் இது ஸ்பார்க் பிளக்தான். சிலிண்டருக்குள் கலவை அடர்த்தியாக ஆக, பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும். தேய்ந்த பிளக்கில் இடைவெளி விரிந்திருக்கும். காயிலால் அந்த வோல்டேஜைத் தர முடியாமல் பொறி அணைந்துவிடும்.

பல டர்போ இன்ஜின்களில் தொழிற்சாலை இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பூஸ்ட் கூட்டிய வண்டிக்கு 0.6 வரை குறைப்பது வழக்கம். இரிடியம் பிளக்கில் நடு நுனியைத் தொடாமல் வெளி மின்முனையை மட்டும் வளையுங்கள். நுனி மெல்லியது, ஒடிந்துவிடும். சக்தியைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியிருந்தால் ஒரு படி குளிர்ந்த வகைப் பிளக் தேவைப்படலாம். என்ஜிகே, டென்சோ நிறுவனங்களின் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பாஷ் வகையில் எண் குறைந்தால் குளிர்ந்தது. இந்தத் தலைகீழ் வழக்கத்தைக் கவனிக்காமல் வாங்கினால் பிஸ்டனுக்கே ஆபத்து.

பிளக் புதிதாக இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் குறியீட்டைப் பாருங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. அந்தச் சிலிண்டரின் காயிலை வேறொன்றோடு இடம் மாற்றி ஓட்டுங்கள். குறியீடு காயிலோடு நகர்ந்தால் காயில் பழுது, ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். நகரவில்லை என்றால் பிளக்கையும், அப்புறம் இன்ஜெக்டரையும் அதே மாதிரி இடம் மாற்றுங்கள். எதுவும் நகராவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டியதுதான். நயா பைசா செலவில்லாத சோதனை இது.

குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பி0300 வந்து, அதுவும் உயர் சுற்றில் மட்டும் என்றால் எரிபொருளைச் சந்தேகியுங்கள். பதிவில் எரிபொருள் அழுத்தம், கேட்ட அளவிலிருந்து பிரிந்து கீழே சரிகிறதா? டேங்கில் உள்ள பம்ப், ஃபில்டர், உயர் அழுத்தப் பம்ப் என்று அந்த வரிசையில் போங்கள். மேலே சொன்ன ஈஏ113 இன்ஜினில் உயர் அழுத்தப் பம்பைத் தள்ளும் கேம் ஃபாலோயர் தேய்ந்து ஓட்டையாகிவிடும். விட்டால் கேம்ஷாஃப்டையே தின்றுவிடும். சின்னப் பாகம், 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

முழு பூஸ்டில் கலவை மெலிந்துபோவதுதான் இதில் பெரிய ஆபத்து. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, 1 பங்கு எரிபொருள் என்பது சமநிலை. பூஸ்டில் பெரும்பாலான ட்யூன்கள் 11.5 முதல் 12.5 வரை வைத்திருக்கும். இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் அந்த நேரத்தில் 13ஐத் தாண்டிக் காட்டினால் உடனே காலை எடுங்கள். காரணம் தெரியும்வரை மறுபடி முழுசாக மிதிக்காதீர்கள்.

ஐடில் ஏறி இறங்குகிறது, காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது

இங்கே ஃப்யூல் ட்ரிம் பேசும். சூடான இன்ஜினில் ஐடிலிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்கு இருபுறமும் 5 சதவீதம் வரை ஆடுவது இயல்பு. 10ஐத் தாண்டி அங்கேயே நின்றால் காரணம் தேட வேண்டும். ஐடிலில் கூட்டலில் ஏறி நின்று, 2500 சுற்றில் குறைந்தால் வேக்யூம் கசிவு. சுற்று கூடினால் மொத்தக் காற்று பெருகி, ஓட்டை வழியாக வரும் காற்றின் பங்கு சிறிதாகிவிடுகிறது, அதனால் அப்படி. சுமை கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் எம்ஏஎஃப் குறைத்துக் காட்டுகிறது, அல்லது எரிபொருள் போதவில்லை.

ஐடிலில் ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியைத் திறக்கவே விடாமல் பலமாக உறிஞ்சினால், அல்லது விசில் சத்தம் வந்தால், கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மாறாக மூடியைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆயில் தடவிய பருத்தி ஏர் ஃபில்டர் போட்டவர்கள் எம்ஏஎஃப் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் கூடிவிட்டால் சென்சார் கம்பியில் படிந்துவிடும். அதற்கென்று விற்கும் எம்ஏஎஃப் கிளீனரால் மட்டும் தெளித்துக் காயவிடுங்கள், விரலாலோ துணியாலோ தொடாதீர்கள்.

கியர் மாற்றும்போது திக்கி, காலை எடுத்தால் அணைகிறது என்றால் முதல் கேள்வி: காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வ் போட்டிருக்கிறீர்களா? எம்ஏஎஃப் வண்டியில் அந்தக் காற்று ஏற்கெனவே அளக்கப்பட்ட காற்று. அதை வெளியே விட்டால் இன்ஜின் ஒரு நொடி பெட்ரோலில் மூழ்கும். காற்றை இன்லெட்டுக்கே திருப்பி விடும் பழைய வால்வைப் போடுங்கள், சரியாகிவிடும். அந்தச் சத்தம் எவ்வளவு பிடித்திருந்தாலும் எம்ஏஎஃப் வண்டியில் அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் குலுங்கி, சூடானதும் சரியாகிறது, வண்டியோ நேரடி இன்ஜெக்ஷன் வகை என்றால் இன்டேக் வால்வுகளில் கரி ஏறியிருக்கலாம். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி அங்கேயே சுட்டு ஒட்டிக்கொள்ளும். டேங்கில் ஊற்றும் திரவம் அந்த இடத்துக்குப் போகவே போகாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் வழி.

சட்டென்று சக்தி அறுந்துபோகிறது

முழு பூஸ்டில் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ சுவிட்சை அணைத்ததுபோல வண்டி துவண்டு, அணைத்துப் போட்டால் மறுபடி ஓடினால், இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்கிறது. பி0234 இருந்தால் பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் கொண்டுபோகும் ஹோஸ் கழன்றிருக்கலாம், சோலனாய்டு ஒட்டியிருக்கலாம். டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் குழாயான டவுன்பைப்பைப் பெரிதாகப் போட்ட பிறகு தொடங்கியது என்றால் வேஸ்ட்கேட் முழுசாகத் திறந்தும் போதவில்லை, உயர் சுற்றில் பூஸ்ட் தானாகவே ஊர்ந்து ஏறுகிறது. இதற்கு வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்குவதோ ட்யூனைத் திருத்துவதோ தீர்வு. வரம்பை உயர்த்தி எச்சரிக்கையை அடக்குவது இன்ஜினைப் பலி கொடுக்கும் வேலை.

புகை

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எப்போது என்பது இங்கேதான் மிகவும் கைகொடுக்கும். இரவு நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் ஸ்டெம் சீல்கள். இறக்கத்தில் காலை எடுத்து இறங்கி, மறுபடி மிதிக்கும்போது வந்தால் அதே சீல்களும் வால்வ் கைடுகளும். சுமையில் தொடர்ந்து வந்தால் ரிங்குகள். சிக்னலில் வெகுநேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது மேகம்போல வந்தால் டர்போவையும் அதன் ஆயில் வடிகாலையும் பாருங்கள்.

வடிகாலையும் என்று சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசத்தால்தான் அது ஆயிலை உள்ளே நிறுத்துகிறது. வடிகால் குழாய் கரியால் அடைத்திருந்தாலோ, பிசிவி கெட்டுக் கிராங்க்கேஸில் அழுத்தம் கூடியிருந்தாலோ, ஆயில் இறங்க வழியில்லாமல் வளையத்தைத் தாண்டிவிடும். அந்த நிலையில் புத்தம் புது டர்போ போட்டாலும் புகைக்கும். ஆகவே டர்போவுக்குச் செலவழிக்கும் முன் வடிகாலைச் சுத்தம் செய்து, பிசிவியை மாற்றிப் பாருங்கள்.

ஆயில் உள்ளே வரும் பாதையும் அதே அளவு முக்கியம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சில வருட சுபாரு டர்போ மாடல்களில் ஆயில் வரும் பாஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். ஆயிலைத் தாமதமாக மாற்றினால் அது அடைத்து, டர்போ வறண்டு சாகும். பழைய டர்போ ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பொருத்தாதீர்கள்.

ரிங்கா வால்வா என்று தீர்மானிக்க கம்ப்ரஷன் டெஸ்ட். சூடான இன்ஜின், எல்லா பிளக்கும் கழற்றிய நிலை, இன்ஜெக்டரும் இக்னிஷனும் துண்டித்து, த்ராட்டில் முழுசாகத் திறந்து, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியோடு செய்யுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட் இன்னும் தெளிவாகச் சொல்லும்: காற்று ஆயில் மூடி வழியே வந்தால் ரிங், சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டில் வழியே வந்தால் இன்டேக் வால்வ், கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

வெள்ளைப் புகை குளிர்காலையில் வந்து மறைந்தால் வெறும் நீராவி. சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, கூலன்ட்டும் காரணமில்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை மலிவானது. சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். கறுப்புப் புகையைப் பற்றி மேலேயே சொல்லியாயிற்று.

டிக் டிக், டக் டக்

மிதிக்கும்போது கண்ணாடிக் குண்டு உருளும் சத்தம் கேட்டால் நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. பல நேரம் காதுக்கே கேட்காது, பதிவில் டைமிங் பின்னுக்குப் போவதில்தான் தெரியும். முதலில் பெட்ரோல்: 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 95 ஊற்றக் கூடாது. பிறகு உள்ளே வரும் காற்றின் வெப்பம், பிளக், சிலிண்டரில் சேர்ந்த கரி, உள்ளே வரும் காற்றில் ஆயில் ஆவி கலப்பது. ஆயில் ஆவி ஆக்டேனைக் குறைக்கும் என்பதால் ட்யூன் செய்த வண்டியில் அந்த ஆவியைப் பிடித்துச் சேர்க்கும் கேட்ச் கேன் போடுவது நியாயமான செலவு. அதை மறக்காமல் காலி செய்ய வேண்டும், அவ்வளவே. சுபாருவின் 2.5 லிட்டர் டர்போ இன்ஜின்களில் நாக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துபோகும்.

நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் இன்னொரு வகை உண்டு. குறைந்த சுற்றில், உயர் கியரில் முழுசாக மிதித்தால், பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும் பலம் அதற்கு உண்டு. இதைக் குறைக்கும் ஆயில் தரமாக 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ்ஸும், 2020இல் ஏபிஐ எஸ்பியும் வந்தன. டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள், அதோடு உங்கள் வண்டி கேட்கும் தடிமனும் நிறுவன அங்கீகாரமும் பொருந்த வேண்டும். 1500 சுற்றில் திணறும்போது மிதிக்காமல் கியரைக் குறையுங்கள்.

இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, சுற்று கூடக்கூட வேகமாகும் கனத்த டக் டக் வந்தால் எந்தச் சோதனைக்கும் ஓட்டாதீர்கள். அணைத்துவிட்டு ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பாருங்கள், ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் தேடுங்கள். அங்கே செம்பு நிறம் மின்னினால் இன்ஜினை இறக்க வேண்டியதுதான். சத்தத்தோடு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்க்ஷாஃப்டைக் கெடுக்கும்.

சூடு

நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்கும் வெப்பம் ஃபேனைக் காட்டுகிறது. நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர். இன்டர்கூலர், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் என்று அடுக்காக இருப்பதால் வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் இடையில் இலையும் தூசியும் மெத்தைபோலச் சேர்ந்திருக்கும். பிரித்துக் கழுவுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது.

முதல் ஓட்டத்தில் நன்றாக இழுத்து, மூன்றாவதில் துவண்டால் இன்டர்கூலர் சூடேறிவிட்டது. பெரிய இன்டர்கூலர் வாங்கும் முன், காற்றை அதற்குத் திருப்பும் பிளாஸ்டிக் தடுப்புகளும் அடித்தட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் கழற்றி எறிந்திருப்பார். சக்தியாக ஓட்டிய பிறகு கடைசி ஓரிரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி நிறுத்தினால் டர்போவுக்குள் ஆயில் சுட்டுக் கரியாவதும் குறையும்.

சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

மேனுவல் வண்டியில் கிளட்ச். 4ஆம் கியரில் 3000 சுற்றில் முழுசாக மிதியுங்கள். முள் மட்டும் துள்ளினால் வழுக்குகிறது. டர்போ வண்டியில் ட்யூன் செய்ததும் நடு சுற்றில் டார்க்தான் பெரிதாகக் கூடும் என்பதால் பழைய கிளட்ச் அங்கேயே சரணடையும். கியர் மாற்றும்போது டொக்கென்று இடித்தால் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள்.

பிரேக்

மலைப்பாதையில் இறங்கியதும் பெடல் பஞ்சுபோல ஆனால் திரவம் கொதித்திருக்கிறது. டாட் 4 திரவத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் இழுத்த பிறகு 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தத் தொல்லை குறையும். பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேட் வெப்பம் தாங்கவில்லை. நடுங்கினால், டிஸ்க் வளைந்ததாக நினைக்கும் முன், பேட் மாவு சமமில்லாமல் ஒட்டியிருக்கிறதா, ஹப் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் வைத்தால் போதும்.

எல்லாம் சரியான பிறகு

கசிவு இல்லை, ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது, கம்ப்ரஷன் சமம். இப்போது காசு மீதமிருந்தால் எதில் போடலாம்? என் வரிசை: புது பிளக், ஆயில், கூலன்ட், பிரேக் திரவம், நல்ல டயர். மிட்சுபிஷி எவல்யூஷனின் 4ஜி63 மாதிரி டைமிங் பெல்ட் வைத்த இன்ஜின் என்றால், எப்போது மாற்றியது என்ற சான்று இல்லாதபோது, பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். சின்னப் பெல்ட் அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி வால்வுகளை வளைத்துவிடும். பிறகு மற்ற பாகங்களைத் தொடாமல் பேர்பெற்ற ஒருவரின் முதல்படி ட்யூன். போட்ட காசுக்கு அதிக சக்தி தருவது இதுதான். அதற்கப்புறம் இன்டர்கூலர். டவுன்பைப் கடைசி, அதிலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளதையே வாங்குங்கள். அதை நீக்குவது பல நாடுகளில் சட்டவிரோதம், பின்னால் வருகிறவர்களின் மூச்சுக்கும் கேடு.

ட்யூன் ஏற்றும் முன் 3ஆம் கியரில் ஒரு முழு ஓட்டப் பதிவு எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு அதே கியரில், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எரிபொருள் அழுத்தத்தையும் டைமிங்கையும் ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் டைமிங் தொடர்ந்து 3, 4 டிகிரி பின்னுக்குப் போனால் பழைய மேப்புக்குத் திரும்பி, அந்தச் சிலிண்டரின் பிளக்கிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.